ஆணி அடிக்காத அறை

நந்திதுர்க் லைன், தங்கவயல்
1903 மார்ச் 22

அன்புள்ள அம்மாவுக்கு மகள் கிருபை எழுதுவது. நானும் இவரும் கர்த்தர் காக்கச் சுகமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கொர்னேலியஸ் அண்ணனும் சவுந்தரம் அண்ணியும் சுகமா?

எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. வாந்தி நின்று, இப்போது நாள் முழுதும் பசிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இவருக்கு ஷிப்டு கிடையாது. கோயில் முடிந்ததும் எங்கேயாவது மெதுவாக நடத்தி அழைத்துப்போகிறார். முன்வாரம் சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாப்டுக்குப் பக்கத்தில் நின்று மின்சார விளக்கைப் பார்த்தோம். எண்ணெய் இல்லை, திரி இல்லை, காற்று அடித்தாலும் ஆடவில்லை. இந்த வாரம் ராபர்ட்சன்பேட்டை. அது புதிதாகக் கட்டுகிற ஊர். ஒரு தெருவில் கடை இருக்கிறது, அடுத்த தெருவில் மனைக்குக் கயிறு மட்டும் கட்டியிருக்கிறது. கயிற்றுக்குள் இறங்கி நின்று, "இது நம்ம கூடம், இது அடுப்பங்கரை, நீ உக்காரு" என்று விளையாட்டுக்குச் சொன்னார். நானும் உட்கார்ந்துவிட்டேன். காவல்காரன் வந்து விரட்டினான்.

வீட்டிலும் அவர் கை சும்மா இருப்பதில்லை. சுரங்கத்துக்குள் மேல்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலைதானே அவருக்கு. மேலே வந்தாலும் அதே புத்தி. எங்கள் தட்டி வீட்டின் மூங்கில் எங்கே சாய்ந்தாலும் ஒரு முட்டு வைக்கிறார். டைனமைட்டு வருகிற மரப்பெட்டிகள் காலியானதைக் கேட்டு வாங்கி வந்து தொட்டில் செய்யப்போகிறார்.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று இங்கே கம்பெனிக் குடிசை லைனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஏழாம் மாதம் வளையலோடு என்றைக்கு வருகிறாய்? எழுது, நான் பெட்டி கட்டவேண்டும்.

உன் மகள்,
கிருபை

*

குடியாத்தம்
1903 ஏப்ரல் 4

என் மகள் கிருபைக்கு அம்மா தெபோராள் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இடுப்பு வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. உன் அண்ணனும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்கென்ன.

முதலில் அந்தத் தொட்டிலை நிறுத்தச் சொல். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, குழி வெட்டக்கூடாது, கூரை பிரிக்கக்கூடாது. உங்கள் பாதிரியார் சிரிப்பார். சிரிக்கட்டும். இங்கே பழைய பாதிரியார் சம்சாரம் மாசமாக இருந்தபோது கோயில் மணிக்கூண்டு வேலையைப் பிரசவம் வரைக்கும் தள்ளிப்போட்டது யார்? அவர்தான். கேட்டதற்கு மழை வரும் என்றார். அது மாசி மாதம். நான் மறக்கவில்லை.

சுரங்கத்தில் வெட்டுகிறார்களே என்று கேட்பாய். அது கம்பெனி மண். வீட்டு மண் வேறு.

உன் வீட்டுக்காரருக்கு என் பேச்சு எங்கே ஏறப்போகிறது. மறுவீட்டு விருந்துக்கு நான் கையால் தீனி போட்டு வளர்த்த சேவல்களை அறுத்துக் குழம்பு வைத்திருந்தேன். "ஷிப்டு கீது அத்தே" என்று கைகூட நனைக்காமல் உன்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனவர்தானே. எதிர்வீட்டு வெங்கடம்மா வாசலில் நின்று, "இன்னா தெபோரா, மாப்ள உன் கொழம்பு வாசனைக்கே ஓடிட்டாரா?" என்று கேட்டாள். பச்சைக் கட்டம் போட்ட புடவை கட்டியிருந்தாள். இடது காதில் தோடு இல்லை. அந்தக் குழம்பை இரண்டு நாள் சூடுபண்ணி நான் ஒருத்தியே தின்றேன்.

இங்கே முன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலுக்கு நீல வண்ணம். கட்டில் போட்டிருக்கிறது. கிழக்குக் காற்று நன்றாக வருகிறது. வருகிற தேதியைப் பிறகு எழுதுகிறேன்.

கனம் தூக்காதே. படுத்து எழுந்திருக்கும்போது ஒருக்களித்து எழுந்திரு.

அம்மா

*

நந்திதுர்க் லைன்
1903 ஏப்ரல் 26

அன்புள்ள அம்மாவுக்கு, கிருபை. நாங்கள் சுகம். நீ இடுப்புக்கு நல்லெண்ணெய் தடவுகிறாயா இல்லையா?

தொட்டில் நின்றது. "அத்தே சொன்னா சரி" என்று சுத்தியலைத் துணியில் சுற்றி மேலே செருகிவிட்டார். பெட்டிகளை அடுக்கி அதன்மேல் நான் பானை வைத்திருக்கிறேன். ஆனால் சேவல் சங்கதியை வாசித்துக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் போகாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள் அம்மா. அதை உன்னிடம் அப்போதே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்கலம் ஏரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டு மரியகுழந்தை அக்காவும் அவள் வீட்டுக்காரர் சாம்ராஜும் கூட வந்தார்கள். மீன் வாங்கி அங்கேயே கல் கூட்டிச் சுட்டார்கள். நான் இரண்டு பேர் பங்கைத் தின்றதாக அக்கா கணக்குச் சொல்லிச் சிரித்தாள்.

திரும்பும்போது ராபர்ட்சன்பேட்டையில் உனக்கு ஒரு கம்பளி வாங்கினேன். சாம்பல் நிறம், சிவப்புக் கரை. வருகிற வாரம் இவருடைய பெரியப்பா மகன் கல்யாணம் மேல்பட்டியில். அப்படியே குடியாத்தம் வந்து உன்னையும் பார்த்துவிட்டுக் கம்பளியைக் கொடுத்து வருவார். சேவலை மனதில் வைத்துக்கொண்டு அவரிடம் முகம் காட்டாதே.

அந்த முன் அறையை அவர் பார்த்து வந்து எனக்குச் சொல்லவேண்டும்.

உன் கிருபை

*

குடியாத்தம்
1903 மே 6

மாப்பிள்ளை பர்னபாசுக்கு தெபோராள் எழுதுவது. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இதை வீட்டுக்கு எழுதாமல் சுரங்கத்து மர யார்டு விலாசத்துக்கு எழுதியிருக்கிறேன். கிருபை கண்ணில் படக்கூடாது.

நீங்கள் வருவதாகச் சொன்ன அவள் கடிதம் நீங்கள் வந்து போனபிறகுதான் எனக்குக் கிடைத்தது. முன்னாலேயே கிடைத்திருந்தால் கொர்னேலியஸ் காலில் விழுந்தாவது அந்த ஒரு நாள் முன் அறையில் உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் பின்சந்து வழியாக வந்தீர்கள். நான் மாட்டுக்கொட்டகையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தலையில் வைக்கோல் இருந்தது. சவுந்தரம் அப்போதுதான் வெளித் தாழ்ப்பாளை நீக்கினாள். "மாட்டுக்குத்தான் போடறேன் அத்தே, உங்களுக்கா போடறேன்?" என்று தினம் சொல்வதைச் சொன்னாள். அது உங்கள் காதில் விழுந்தது. துவைக்கிற கல்லின் மேல் கம்பளியை வைத்தீர்கள், திரும்பி நடந்தீர்கள். முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு தெரிந்தது. மறுவீட்டு அன்றைக்கும் அந்த முதுகைத்தான் பார்த்தேன், அதனால் தப்பாமல் அடையாளம் தெரிந்தது.

மறைத்து என்ன. கிறிஸ்துமசுக்கு சவுந்தரத்தின் அப்பா அம்மா வேலூரிலிருந்து வந்தார்கள். திரும்பிப் போகவில்லை. முன் அறை அவர்களுக்கு. வெள்ளை அடித்ததும் நீல ஜன்னலும் நான் எழுதியபடிதான், ஆனால் அவர்களுக்காக அடித்தது. "கொஞ்ச நாளைக்கும்மா" என்றான் கொர்னேலியஸ். என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துச் சொன்னான்.

கர்த்தர் கொட்டகையில் பிறந்தார் என்று வருஷா வருஷம் கேட்கிறேன். அந்தத் தாய் அங்கே எப்படிப் படுத்தாள், யார் வெந்நீர் போட்டது என்று ஒருவரும் பிரசங்கம் பண்ணவில்லை. என் மகளை நான் அங்கே எப்படிக் கூட்டி வருவேன்?

உங்களை இத்தனை பேச்சுப் பேசியவள் நான். நீங்கள் சிரிக்கலாம். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தாய் வீடு இருக்கிறது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

தெபோராள்

*

மர யார்டு, நந்திதுர்க்
1903 மே 14

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு பர்னபாஸ் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். கிருபை நன்றாகச் சாப்பிடுகிறாள்.

உங்கள் கடிதம் எனக்குச் சரியாக விளங்கவில்லை. நான் குடியாத்தத்தில் வழி தவறிவிட்டேன். உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆகையால் நான் யாரையும் பார்க்கவில்லை. கம்பளி பற்றி எழுதியிருந்தீர்கள். யாராவது மறந்து வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். கேட்டு வரமாட்டார்கள். நீங்கள் போர்த்திக்கொள்ளலாம்.

வேறொரு விஷயம். வீட்டுக்குப் பின்னால் விறகு வைக்க ஓர் அறை போடலாம் என்று இருக்கிறேன். மேஸ்திரி சரி என்றுவிட்டார். ஆணி அடிக்கமாட்டேன். குழி வெட்டமாட்டேன். கூரையில் கை வைக்கமாட்டேன். பெரியவர்களைக் கேட்டுச் செய்வது நல்லது. ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம்? வாசற்படி எத்தனை உயரம் இருந்தால் இடுப்பு வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம் இருக்காது?

பர்னபாஸ்

*

நந்திதுர்க் லைன்
1903 மே 31

அன்புள்ள அம்மாவுக்கு, கிருபை. சுகம். நான் எழுதி ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை. உடம்புக்கு என்ன?

இவர் வந்து உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். எப்படி இருக்கிறாள் அம்மா என்றேன். நன்றாக இருக்கிறார்கள் என்றார். கம்பளி பிடித்ததா என்றேன். பிடித்தது என்றார். முன் அறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெள்ளையா கீது" என்றார். அவ்வளவுதான். கல்லிலிருந்து தண்ணீர் எடுக்கலாம், இவர் வாயிலிருந்து ஒரு பேச்சை எடுக்கமுடியாது.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது, கேள். விறகு அறை கட்டுகிறார். எங்களுக்கு இருக்கிற விறகு ஒரு கை அணைப்பு. ஞாயிற்றுக்கிழமை நடை எல்லாம் நின்றுபோயிற்று. கோயில் விட்டதும் யார்டில் ஒதுக்கிப்போட்ட மரத்துண்டுகளைத் துரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

உன் பேச்சை மீறவில்லை. ஓர் ஆணி அடிக்கவில்லை. சுரங்கத்துக்குள் முட்டு வைக்கிறமாதிரி, மரத்தில் வெட்டு எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்துகிறார். காய்ந்த ஆப்பைக் கையால் செருகித் தண்ணீர் ஊற்றுகிறார். ஊறி உப்பிக்கொண்டு இறுகிவிடுகிறது, சுத்தியல் சத்தமே இல்லை. குழியும் எடுக்கவில்லை. டைனமைட்டுப் பெட்டியில் சுரங்கக் கல்லை நிரப்பி அதற்குள் காலை நிறுத்தியிருக்கிறார்.

சாம்ராஜ் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "ஏம்பா பர்னபாசு, உன் மாமியா ஆணி அடிக்கக்கூடாதுன்னாங்க. இந்தப் பொட்டி பூரா ஆணிதானே கீது?"

"அது நான் அடிச்சதில்லண்ணே. சீமையில அடிச்சது."

"அந்தச் சீமைக்காரன் பொண்டாட்டி முழுவாம இருந்திருந்தா?"

"அது அவன் மாமியாபாடு" என்றார் இவர். மரியகுழந்தை அக்கா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அம்மா, விறகு அறைக்கு ஜன்னல் எதற்கு? கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார். கேட்டால், விறகுக்குக் காற்று வேண்டும் என்கிறார்.

ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. என்றைக்கு வருகிறாய்? பெட்டி கட்டி வைத்துவிட்டேன்.

உன் கிருபை

*

குடியாத்தம்
1903 ஜூன் 10

மகள் கிருபைக்கு அம்மா எழுதுவது. சுகம்.

இப்போது வருவதற்கில்லை. பிளேக்கு என்று ரயிலில் வருகிறவர்களை இறக்கிக் கக்கத்தைத் தூக்கிப் பார்க்கிறார்களாம். மாசமான பெண்ணை அந்தக் கும்பலில் நிறுத்த முடியாது. வெயிலும் குறையவில்லை. இங்கே கிணற்றில் தண்ணீரும் கீழே போய்விட்டது.

பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள். உங்கள் லைனில் பிரசவம் பார்க்கிறவள் இல்லாமலா இருப்பாள். அவள் நகம் வெட்டியிருக்கிறாளா என்று மட்டும் பார்.

விறகுக்கு ஜன்னல் வேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல். படியும் வேண்டாம். அவருக்குப் புரியும்.

அம்மா

*

நந்திதுர்க் லைன்
1903 ஜூன் 28

அம்மாவுக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

ஏழாம் மாதம் போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் தினமும் ஒருத்தி கேட்கிறாள். "இன்னாடி, உங்கம்மா இன்னும் வர்ல?" "வளையல் எங்கடி?" எனக்குப் பின்னால் மாசமானவளுக்கெல்லாம் கை நிறைய வளையல். பிளேக்கு என்று சொன்னேன். வேலூரிலிருந்து ஒருத்தியின் தாய் அதே ரயிலில் வந்து இறங்கியிருக்கிறாள், பலாப்பழத்தோடு.

போன ஞாயிற்றுக்கிழமை தலை வலிக்கிறது என்று கோயிலுக்குப் போகாமல் நின்றேன். எல்லோரும் போனபிறகு ஒருத்தியாக ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்தேன். வளையல்காரன் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தேன். "கூட யாரும் வர்லியாம்மா?" என்றான். "அம்மா கடைக்குள்ள போயிருக்காங்க" என்றேன். அவன் போட்டு முடிக்கிறவரைக்கும் கடைப்பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வருகிறாய்போல.

லைனுக்குத் திரும்பி, அம்மா ஆள்வசம் அனுப்பினாள் என்று எல்லோருக்கும் காட்டினேன். மரியகுழந்தை அக்கா என் கையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லா கீதுடி" என்று சொல்லி, என் கண்ணைப் பார்க்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வளையல்காரன் அவளுக்குப் பெரியப்பா மகன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டேன். எனக்கு நீ என்ன எழுதவேண்டும் என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்காதே.

கிருபை

*

குடியாத்தம்
1903 ஜூலை 9

என் கண்ணு கிருபைக்கு.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் மாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏன் மாட்டுப் பக்கம் என்று கேட்பாய். நான் இருக்கிறதே அங்கேதான்.

கிறிஸ்துமஸ் முதல் கொட்டகையில் படுக்கிறேன். முன் அறையில் உன் அண்ணியின் தாய் தகப்பன் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள், விடிந்தால் நீக்குவார்கள். மாடு முட்டித் திறந்துவிடும் என்று. இதை உன் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டேன் என்று எனக்கு எழுதினார். உன்னிடம் வெள்ளையாக இருக்கிறது என்றார். நான் இத்தனை வயதில் ஒரு மனிதனைப் பற்றி இத்தனை தப்பாக நினைத்து வைத்ததில்லை. வெங்கடம்மாவைப் பற்றி நினைத்தது சரிதான். இவரைப் பற்றித்தான் தப்பு.

உன்னைக் கூட்டிவர எனக்கு மனம் இல்லாமல் இல்லை. கூட்டிவர வீடு இல்லை. வளையல்காரன் முன்னால் நீ திரும்பித் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கடைக்குள் இருக்கவேண்டியவள் நான்தான்.

விறகு அறை யாருக்கென்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் வரமாட்டேன். முதல் பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்கவேண்டிய தாய், மூட்டையோடு பெண் வீட்டு வாசலில் போய் நின்று, மருமகன் சோற்றைத் தின்பதா? குழாயடியில் உன்னைக் கேட்டவர்கள் அப்போது என்ன கேட்பார்கள்? கொட்டகையிலாவது என் வெட்கம் மாட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருக்களித்துப் படு.

அம்மா

*

நந்திதுர்க் லைன்
1903 ஜூலை 15

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு பர்னபாஸ் வணக்கம். கிருபை சுகம். உங்கள் கடிதத்தை வாசித்து ஒரு நாள் முழுதும் அழுதாள். பிறகு என்னைத் திட்டினாள். பிறகு எழுந்து போய் அந்த அறையை மெழுகினாள். நானே மெழுகுகிறேன் என்றேன், விடவில்லை.

எனக்கு எழுத வராது. அறை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அது எங்கள் வீட்டோடு சேர்ந்தது இல்லை. நடுவில் ஓர் ஆள் போகிற இடம் விட்டிருக்கிறேன். வாசல் வேறு பக்கம். அடுப்பு வேறு. பானை சட்டி நீங்கள் கொண்டு வரவேண்டும், நான் வாங்கவில்லை. கிருபைக்கு வலி கண்டால் எங்கள் வாசலில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, உங்கள் வாசலில் ஏறவேண்டும். இரண்டுக்கும் நடுவே கதவு வைக்கலாமே என்று சாம்ராஜ் கேட்டார். நான் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அவள் பிரசவத்துக்குத் தாய் வீடு போகவேண்டும். தூரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நீங்கள் என் சோற்றைத் தின்னவேண்டியதில்லை. நான்தான் உங்களிடம் ஒரு சாப்பாடு பாக்கி வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கை நனைக்காமல் போனது ஷிப்டுக்காக என்றாலும் தப்புத்தான். வெங்கடம்மா சொன்னதுபோல வாசனைக்கு ஓடவில்லை. ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் அந்த வாசனையை நினைத்துக்கொண்டே போனேன். அந்த விருந்தை உங்கள் வீட்டில் போடுங்கள். வருகிறேன்.

ஒரே குறை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதற்கு ஆணி வேண்டும். பிள்ளை பிறந்ததும் அடித்துவிடுகிறேன். அதுவரைக்கும் உள்ளே கயிறு கட்டிக்கொள்ளலாம்.

எந்த நாள் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருவேன். இந்தத் தடவை வழி தவறாது.

பர்னபாஸ்

*

என் வீடு, நந்திதுர்க் லைன்
1903 ஆகஸ்ட் 20

கொர்னேலியசுக்கு உன் அம்மா எழுதுவது. நீ சுகமா? உன் மாமனார் மாமியார் சுகமா? மாடு சுகமா? நீ மண்டிக்குப் போன நேரத்தில் நான் புறப்பட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

உன் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது. உனக்கு மருமகள். தாயும் பிள்ளையும் நலம்.

நான் கர்வத்தோடு வந்து இறங்கினேன் என்று நினைக்காதே. ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்போது குடியாத்தம் போகிற வண்டி பக்கத்தில் நின்றது. அதில் ஏறிவிடலாம் என்று ஒரு காலை வைத்துவிட்டேன். சட்டிப்பானை மூட்டை வண்டி வாசலில் மாட்டிக்கொண்டது, அதனால் ஏறாமல் நின்றேன். இங்கே ஸ்டேஷனில் மாப்பிள்ளை அந்த மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். லைன் முழுக்க வாசலில் நின்றது.

பக்கத்து வீட்டு மரியகுழந்தை, நல்ல மனதோடுதான், "இன்னா அம்மா, மக வூட்டுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளை நின்று, மூட்டையை இறக்காமலே சொன்னார். "மக வூட்டுக்கு இல்லக்கா. அவங்க வூட்டுக்கு வந்துகிறாங்க. நாங்க பக்கத்து வூடு."

கிருபை வாசலில் கண்ணாடி வளையலோடு நின்றாள். நான் குடியாத்தத்தில் வாங்கிப்போனதை அதே கையில் போட்டேன். எது முன்னால் போட்டது, எது பின்னால் போட்டது என்று மரியகுழந்தை கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதையும் மறக்கமாட்டேன்.

வலி கண்டபோது உன் தங்கை தன் வாசலில் இறங்கி, சுவரைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் என் படியில் நின்று, "வாடி என் தங்கமே" என்று கை நீட்டி உள்ளே அழைத்தேன். குடியாத்தத்தில் முன் அறை வாசலில் நின்று எப்படி அழைத்திருப்பேனோ அப்படி. உள்ளே போனதும் எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது. "யாருக்கும்மா பிரசவம்?" என்று மருத்துவச்சி என்னை அதட்டினாள்.

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சேவல் அடித்தேன். மாப்பிள்ளை வந்து என் வீட்டில் உட்கார்ந்தார். எனக்கு முகம் பார்த்துப் பரிமாற முடியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே போட்டேன். கிருபை ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, உப்பு கரிக்குது!" என்றாள். பதட்டத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். "எனக்குச் சரியாத்தான் கீது" என்றார் அவர். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். அந்த உப்பை அவர் தின்றதை நான் சாகிறவரைக்கும் மறக்க முடியாது. மறப்பதற்கு எனக்குப் பழக்கமும் இல்லை.

கை கழுவியதும் துணியில் சுற்றியிருந்த சுத்தியலை எடுத்தார். இந்த அறையில் முதல் ஆணி அன்றைக்குத்தான் விழுந்தது. பிள்ளை சத்தத்துக்குத் தூக்கிப்போட்டு, பிறகு தூங்கிவிட்டது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

தாய்மாமன் போடவேண்டிய முதல் வளையலை நீ போடவேண்டும். அது உன் தங்கைக்குச் சேரவேண்டியது, அதற்காக எழுதுகிறேன். சவுந்தரத்தையும் கூட்டி வா. வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நிற்காதே, சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வா. கதவைத் தட்டு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. திறப்பதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
தெபோராள்